தூக்குக்குப் பெயர் உண்டு, நாய்க்கு இல்லை

தீபாவளிக்கு மறுநாள் காலை முசரவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு நாய் வந்து சேர்ந்தது. செம்பழுப்பு நிறம், ஒரு காது மடிந்து தொங்கியது, கழுத்தில் நைந்துபோன சிவப்பு பெல்ட். பெல்ட்டில் ஒரு எழுத்துகூட இல்லை. யாரையும் பார்த்துக் குரைக்காமல் நேராகப் பக்கத்து வீட்டுத் தறிக்குழி ஓரமாகப் போய்ப் படுத்துக்கொண்டது. நாடா அடிக்கிற சத்தத்துக்கு அது அசையவே இல்லை. "தறி ஓடுற வீட்டு நாய் சார் இது" என்று பக்கத்து வீட்டு அண்ணன் அப்போதே சொல்லிவிட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி யாராலும் எதுவும் சொல்ல முடியவில்லை.

தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தோம். டைகர், ஜிம்மி, ராமு. 'மணி' என்றதும் தலையைத் தூக்கியது. தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் நின்று மணி என்று கூப்பிட்டாலும் இரண்டு நாயாவது திரும்பிப் பார்க்கும். அதை வைத்து யார் வீட்டைக் கண்டுபிடிப்பது?

நான்காம் நாள் பால் வண்டிக்காரர் பார்த்துவிட்டு, "ஏரிக்கரை வீட்டு நாயாச்சே இது!" என்றார். அந்த வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்று கிலோமீட்டர். சொல்லியனுப்பியதும் நாய்க்காரர் ஓடி வந்தார். நாய் அவர் மேல் ஏறி விழுந்து முகமெல்லாம் நக்கியது. சுற்றி நின்றவர்கள் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்: "பாத்தீங்களா, நாய் எப்படியும் வீட்டைச் சேர்ந்துடும்."

இந்தத் தீர்ப்போடுதான் எனக்கு வழக்கு. இது எங்கள் தெருவின் கருத்து மட்டுமல்ல, ஊர் ஊராகப் பரவிக் கிடக்கிற நம்பிக்கை. நாய் மோப்பம் பிடித்துத் தானே வரும். வராவிட்டாலும் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். அடையாள வில்லை, சிப், உரிமம் எல்லாம் விலை கொடுத்து நாய் வாங்குகிற பட்டணத்துக்காரர்களின் ஆடம்பரம். நாட்டு நாய்க்கு அது எதற்கு? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கிற இந்த நம்பிக்கையில் ஒவ்வொரு படியும் ஓட்டை.

முதலில் மோப்பத்தை எடுத்துக்கொள்வோம். நாய்க்குத் திசை அறியும் திறன் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. செக் நாட்டு ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களின் உடலில் ஜிபிஎஸ் கருவி கட்டி மூன்று ஆண்டுகள் காட்டில் ஓடவிட்டுப் பார்த்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் நாய்கள் தாம் போன தடத்தையே மோப்பம் பிடித்துத் திரும்பின. புதிய வழியில் திரும்பியவற்றில் பல, முதலில் சுமார் 20 மீட்டர் தூரம் வடக்கு தெற்காக ஓடிப் பார்த்துவிட்டு வழி பிடித்தன. ஆச்சரியமான செய்திதான். ஆனால் அந்த நாய்கள் தாமாகவே நடந்து போனவை. எசமானர் அங்கேயே காத்து நின்றார். போன தடம் காட்டு மண்ணில் அப்படியே கிடந்தது.

தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடுகிற நாய் மோப்பம் பார்த்துக்கொண்டா ஓடும்? பயம் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஓடும். நடுவில் நெடுஞ்சாலை குறுக்கிட்டால் தடம் அங்கேயே அறுந்துவிடும். சரக்கு வண்டியில் ஏறிப் படுத்து அப்படியே வாலாஜா வரை போய்விட்ட நாய்க்குத் தடம் என்று ஒன்றே கிடையாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். திரும்பி வந்த நாயைப் பற்றித்தான் ஊரில் கதை உலவும். பத்து மைல் நடந்து வந்தது, ஆற்றை நீந்தி வந்தது, ஆறு மாதம் கழித்து வாசலில் வந்து நின்றது என்று பேரன் வரைக்கும் சொல்வார்கள். வராத நாயைப் பற்றி இரண்டு நாள் பேசுவார்கள். மூன்றாம் நாள் அதன் சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். வந்தவற்றை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் எல்லா நாயும் வந்ததாகத்தான் கணக்கு வரும். எங்கள் தெருவுக்கு வந்த நாயும் தானாக வீடு போய்ச் சேரவில்லை. நான்கு நாள் தறிக்குழி ஓரத்தில் கிடந்தது. மூன்று கிலோமீட்டர் தூரத்தைக்கூட அதன் மூக்கு கடக்கவில்லை.

அடுத்து, ஊருக்குத் தெரியும் என்ற வாதம். ஊர் என்றால் எவ்வளவு தூரம்? என் நாயை என் தெரு அறியும், அடுத்த தெரு அரைகுறையாக அறியும், ஏரிக்கு அந்தப் பக்கம் அது வெறும் நாய். பால் வண்டிக்காரர் அன்று எங்கள் தெருவுக்கு வந்தது அதிர்ஷ்டம். அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தால் நாய் இன்றும் எங்கள் தெருவில்தான் இருந்திருக்கும். 'எங்கிருந்தோ வந்தது' என்ற பட்டத்தோடு.

நான் சொல்வதற்கு எதிராகப் போகக்கூடிய ஒரு சான்றையும் நானே வைத்துவிடுகிறேன். அமெரிக்காவில் 2012-இல் வந்த ஒரு கணக்கெடுப்பில், காணாமல்போய்த் திரும்பக் கிடைத்த நாய்களில் ஏறக்குறையப் பாதி, அக்கம்பக்கத்தில் நடந்து தேடியதால்தான் கிடைத்தன. கழுத்து வில்லையாலோ சிப்பாலோ கிடைத்தவை சுமார் 15 சதவீதம். அப்படியானால் தேடினால் போதாதா என்று கேட்கலாம். தேட வேண்டியதுதான். நாய் காணாமல்போன அன்றே கூப்பிட்டுக்கொண்டே தெருத்தெருவாக நடப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஆனால் தேடலில் இரண்டு பக்கம் உண்டு. தொலைத்தவர் ஒரு பக்கம் தேடுகிறார். கண்டெடுத்தவர் இன்னொரு பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். ஏரிக்கரைக்காரர் அந்த நான்கு நாளும் தேடாமல் இல்லை. அவர் தூசி கிராமத்துப் பக்கம் தேடினார், நாய் எங்கள் பக்கம் இருந்தது. நாங்களும் சும்மா இல்லை, வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டோம். இரண்டு பக்கமும் நல்ல மனசு இருந்தது. நடுவில் பத்து இலக்கப் போன் எண் ஒன்று இல்லை. அடையாளம் என்பது நாய்க்காகவோ நாய்க்காரருக்காகவோ எழுதப்படுவதாக நினைக்கிறோம். அதைப் படிக்கப் போகிறவர், நம் முகத்தையே பார்த்திராத ஒருவர். அவருக்குத்தான் அது எழுதப்படுகிறது.

காப்பகங்களுக்கு வந்து சேர்ந்த நாய்களை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் துலக்கமாகிறது. அமெரிக்காவின் 53 காப்பகங்களில் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், திரிந்து பிடிபட்ட நாய்களில் மொத்தமாக 21.9 சதவீதம் வீடு திரும்பின. சிப் இருந்தவற்றில் 52.2 சதவீதம். பூனைகளின் கணக்கு இன்னும் கூர்மை: 1.8 சதவீதம் எங்கே, 38.5 சதவீதம் எங்கே! நடந்து தேடி எட்ட முடியாத இடத்துக்கு நாய் போய்விட்ட பிறகு, பேசத் தெரிந்தது அடையாளம் மட்டுந்தான்.

நம் நாட்டில் அப்படி எட்டாமல் போகிற இடங்கள் இப்போது கூடியிருக்கின்றன. 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் டெல்லிப் பகுதித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடை செய்து தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. வெறி பிடித்தவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் மட்டும் விலக்கு. நவம்பர் 7-ஆம் தேதி வந்த உத்தரவு இன்னொரு படி போயிற்று. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் போன்ற இடங்களில் பிடிக்கிற நாய்களைத் திரும்ப அதே இடத்தில் விடக் கூடாது.

அந்த உத்தரவுகளின் நியாய அநியாயம் தனி விவாதம். வழி தவறிய வீட்டு நாய்க்கு அவற்றால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே கேள்வி. பசித்த நாய் எங்கே போகும்? சாப்பாடு கிடைக்கிற இடத்துக்கு. பேருந்து நிலையத்து பஜ்ஜிக் கடைப் பக்கம், ஆஸ்பத்திரி வாசல் பக்கம். அங்கே வந்து நிற்கிற வண்டிக்காரருக்கு எது மணி, எது தெருநாய் என்று எப்படித் தெரியும்? நைந்த பெல்ட்டைப் பார்த்து, யாரோ அவிழ்த்துவிட்ட நாய் என்றுதான் நினைப்பார். பேரில்லாத நாய்க்குச் சட்டம் வைத்திருக்கிற பேர் தெருநாய். 'தானே வந்துவிடும்' என்று நாம் சோற்றை மூடி வைத்துக் காத்திருக்கிற நேரத்தில், அது வரவே முடியாத இடத்துக்குப் போயிருக்கும்.

சரி, சிப் போட்டுவிட்டால் கவலை விட்டதா? இங்கே எதிர்த் திசையில் ஒரு மூடநம்பிக்கை நிற்கிறது. சிப் போட்ட நாய் எங்கே இருக்கிறது என்று செல்போனில் தெரியும் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தெரியாது. அரிசி மணி அளவுள்ள அந்தக் கண்ணாடிக் குப்பியில் பேட்டரியே கிடையாது. தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசியால் தோலுக்கடியில் வைக்கிறார்கள். வாசிப்பான் கருவியைக் கிட்டத்தில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு எதிரே யாருடைய செல்போன் எண் எழுதியிருக்கிறது என்பதைப் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 2009 ஆய்விலேயே, சிப் இருந்தும் சொந்தக்காரரைப் பிடிக்க முடியாமல் போனதற்குப் பெரிய காரணம், பதிவில் இருந்த தொலைபேசி எண் தவறு அல்லது துண்டிக்கப்பட்டது என்பதுதான், 35.4 சதவீதம். நாம் வருஷத்துக்கு ஒரு சிம் மாற்றுகிற ஆட்கள். நமக்கு இது நன்றாக உறைக்க வேண்டும்.

சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியது. அப்போது உரிமக் கட்டணம் 50 ரூபாயாக இருந்தது. எடுக்காதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. கூட்டம் நெருக்கியடித்து, கடைசித் தேதியை நீட்டிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 2016 ஏப்ரலிலிருந்தே நாய்க்குச் சிப் கட்டாயம். பட்டணத்துக்கு அது சரி. அங்கே வாசிப்பான் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. முசரவாக்கத்து டீக்கடையில் எந்த வாசிப்பானைத் தேடுவது? கிராமத்தில் முதல் காவல் கழுத்தில் கண்ணுக்குத் தெரிகிற எண்தான். படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் அதைப் பார்த்து போன் பண்ணிவிடும். பெல்ட் அறுந்து விழலாம், முள்வேலியில் மாட்டிக்கொள்ளலாம், யாராவது கழற்றிவிடலாம். அப்போது கைகொடுக்கத்தான் சிப். வேட்டிக்கு முடிச்சும் வேண்டும், மேலே பெல்ட்டும் வேண்டும் என்கிற கதைதான்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம், நாட்டு நாய்க்கு எதற்கு" என்பவர்கள் தங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும். பசுவின் காதில் மஞ்சள் வில்லை தொங்குகிறது. 12 இலக்கம் அதில் அச்சாகியிருக்கிறது. தடுப்பூசிக்கும் காப்பீட்டுக்கும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். வில்லை வருவதற்கு முன்னாலும் மாட்டுக்குச் சூட்டுக்குறி உண்டு, ஆட்டுக்குக் காதில் வெட்டு உண்டு. துணிக்குச் சலவைக்காரர் போடுகிற குறி உண்டு. மேயப் போகிறது, வெளுக்கப் போகிறது, திரும்பி வர வேண்டும் என்றால் குறி போட்டு அனுப்பு என்பது நம் ஊர் புத்தி. அதை யாரும் கப்பலில் கொண்டுவரவில்லை.

நாய்க்கும் அந்த மரியாதையை நம் முன்னோர் செய்திருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. இறந்துபட்ட வீரனோடு, கள்வர்களைக் கடித்து நின்ற அவன் நாயும் அந்தக் கல்லில் இடம் பிடித்திருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். உருவத்தோடு விடாமல் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். 1,400 ஆண்டுகள் கழித்தும் அது யாருடைய நாய் என்று நம்மால் சொல்ல முடிகிறது. ஏரிக்கரை வீட்டு நாயைப் பற்றி மூன்று கிலோமீட்டர் தள்ளி யாராலும் சொல்ல முடியவில்லை. யார் பின்தங்கியவர்கள்?

விலை கொடுத்த நாய்க்கு மட்டுந்தான் அடையாளம் என்பதும் தலைகீழ் நியாயம். சிப்பிப்பாறையோ ராஜபாளையமோ வழி தவறினால் பார்க்கிறவர் கண்ணுக்கே அது யாரோ வளர்க்கிற நாய் என்று தெரிந்துவிடும், விசாரிப்பார்கள். நாட்டு நாய்க்கு அந்தச் சலுகை இல்லை. ஆயிரம் செம்பழுப்பு நாய்களில் அதுவும் ஒன்று. ஆயிரத்தில் ஒன்றாகத் தெரிகிறவனுக்குத்தான் அடையாளச் சீட்டு அதிகம் தேவை.

இவ்வளவு எளிதான காரியத்தை ஏன் செய்ய மாட்டேன் என்கிறோம்? காசு காரணமில்லை. கழுத்தில் என் எண் தொங்கினால், அந்த நாய் அடுத்த தெருப் பிள்ளையைக் கடித்தாலும் என் எண்தான் தொங்கும். தடுப்பூசி போட்டாயா என்று கேட்பார்கள். வைத்தியச் செலவைக் கேட்பார்கள். வளர்க்கிற விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. எண் இல்லையென்றால், சோறு போடும்போது நம் நாய், கடித்தால் தெருநாய். குட்டி ஆறு போட்டால் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்துவிடலாம். 'நாய் தானே வந்துவிடும்' என்பதைக் கேட்டால் நாயின் புத்திக்குச் செய்கிற புகழாரம் மாதிரி இருக்கும். நம் பொறுப்பை அதன் மூக்கின்மேல் ஏற்றிவிடுகிற தந்திரம் அதற்குள் இருக்கிறது. கடிபட்டவருக்கும் அந்த எண் வேண்டும். ஊசி போட்ட நாயா என்பதைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால், அந்த வீட்டில் ராத்திரி கொஞ்சமாவது தூக்கம் வரும்.

சொந்தக்காரர் என்று ஒருவர் வந்து நின்றால் அவர்தான் சொந்தக்காரர் என்று எப்படி நம்புவது என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் வழி நம்மிடமே இருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் காட்சிக்கூடத்தில் நின்றார். அவர் நம் ஊர்க்காரர்தான் என்று காட்ட உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014-இல் ஊர் திரும்பினார். சாமிக்கே வீடு திரும்பப் படம் வேண்டியிருந்தது. நாயை நான்கு பக்கமும் படமெடுத்து வையுங்கள். மச்சம், தழும்பு, நகத்தின் நிறம் எதையாவது ஒன்றை வெளியே சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கண்டெடுத்தவரும் அப்படியே ஒன்றை மறைத்துவைத்து, வருகிறவரிடம் கேட்கலாம். தழும்பைச் சரியாகச் சொல்கிறவர் கையில் கயிற்றைக் கொடுக்கலாம்.

மணியை அழைத்துக்கொண்டு கிளம்பும்போது ஏரிக்கரைக்காரர் எங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு, "இனிமே சங்கிலில கட்டிப் போட்டுடறேன் சார், எங்கயும் போவாது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான்கு நாள் தவித்த நாய்க்கு நாம் யோசித்த பரிகாரம் ஆயுள் சிறை. அந்தச் சங்கிலியும் அடுத்த தீபாவளிக்கு அறுந்துபோனால், நாய் மறுபடியும் பேரில்லாமல்தான் ஓடும். இந்த முறை காலைத் தட்டுகிற சங்கிலித் துண்டையும் இழுத்துக்கொண்டு.

அந்த வாரம் காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். கல்யாணச் சீர் வாங்க வந்த ஒரு குடும்பத்துக்காகக் கடைப் பையன் அண்டா, குடம், தூக்கு என்று வரிசையாகப் பெயர் வெட்டிக்கொண்டிருந்தான். இரவல் போகிற தூக்கு திரும்பி வர வேண்டுமே! தினமும் வாசலைத் தாண்டி வெளியே போய்வருகிற ஓர் உயிருக்கு நாம் அதைச் செய்யவில்லை. ரூபாய் அளவுக்கு ஒரு பித்தளை வில்லையை எடுத்து நீட்டினேன். பையன் மிஷினை அதில் வைத்துக்கொண்டு, "என்ன பேர் வெட்டணும் சார்?" என்று கேட்டான்.

"பேர் வேணாம்பா. மணின்னா எல்லாந்தான் திரும்பும். இந்த நம்பரை மட்டும் வெட்டு" என்று ஏரிக்கரைக்காரரின் எண்ணைச் சொன்னேன்.